இலவசப் பூட்டு

பதினொரு நாள் தொடர்ந்து குனிந்து வெள்ளாமை வெட்டிய முதுகைச் சுழல்கதிரையில் வைக்க முடியாது. இது எனக்கு நாவற்குடாவில்தான் தெரியவந்தது. நிமிர்ந்தால் இடுப்புக்கு மேலே கம்பி செருகினாற்போல் குத்தியது. சாய்ந்தால் கதிரை பின்னால் ஓடியது. குனிந்தால் மட்டும் நோகவில்லை. ஆகவே குனிந்தே இருந்தேன். பாடம் எடுத்த தனுஷா என்ற பிள்ளை நான் ஊன்றிக் கவனிப்பதாக நினைத்து, "சீனித்தம்பி அங்கிளைப் பாருங்க, என்ன ஈடுபாடு!" என்று மற்றவர்களுக்குக் காட்டினாள்.

மாசி மாதம். யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் அங்கே போனது ஒரு கொப்பிக்காக.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர். ஊரில் ஒரு சங்கம். வெளியில் அதற்குக் கிராம அபிவிருத்திச் சங்கம் என்று பெயர். வடிகான், மைதானம், பாலர் பாடசாலைக் கூரை எல்லாம் அதன் பொறுப்பு. உள்ளே, காணாமற்போன முப்பத்தெட்டுப் பேரின் விபரமும் அதன் பொறுப்பு. யாரை, எந்தத் திகதி, என்ன நிற வாகனத்தில், கண்டது யார் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தோம். கையெழுத்து வடிவாக இருக்கும் என்பதால் என்னைச் செயலாளராக்கியிருந்தார்கள். வேறு தகுதி எனக்கு இல்லை.

முப்பத்தேழு வீட்டார் "ஆரெண்டு தெரியா" என்றுதான் சொன்னார்கள். புஸ்பம் மட்டும் ஒரு பெயரைச் சொன்னாள். புருசனை வான் வண்டிக்குள் ஏற்றியவர்களில் ஒருவனுக்கு முகத்துணி விலகியிருக்கிறது. புருசனோடு ஒரே வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டினவன்.

"எழுதுங்க அண்ணன். ஆனா நான் சொன்னதெண்டு இந்த அறைய விட்டு வெளிய போகக் கூடா."

எழுதினேன். அதற்குப் பிறகு அந்தக் கொப்பியை வீட்டில் வைத்துக்கொண்டு எனக்கு நித்திரை வரவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்தேன். கூரைக்குள் செருகினேன். கோழிக் கூட்டுக்குக் கீழேகூட ஒரு கிழமை இருந்தது.

அந்த நேரத்தில்தான் கிராம சேவகர் ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்தார். கணினித் தன்னாட்சி நிலையம், நாவற்குடா. தகவல்களை எவரும் பார்க்க முடியாதபடி பூட்டி வைக்கும் மென்பொருள். முற்றிலும் இலவசம். ஏழு நாள் பயிற்சி. அதுவும் இலவசம். சங்கத்தில் ஒரு கணினி இருந்தது. சுனாமிக்கு வந்த நிறுவனம் ஒன்று கடற்கரை ஊர்களுக்குக் கொடுத்து மிஞ்சியதை, சுனாமி வராத எங்கள் ஊருக்குக் கொடுத்துக் கணக்கை முடித்திருந்தது.

எல்லாம் சரி. ஏழு நாள்தான் இடித்தது. எங்கள் வெட்டுக் கூட்டத்தில் பன்னிரண்டு இடம். ஒருவர் வராவிட்டால் மாத்தாள் அனுப்ப வேண்டும். கூலி நெல்லாக, கடைசியில், இடத்துக்குத்தான் பிரிக்கப்படும். நின்று வெட்டினவருக்கு அல்ல. மாத்தாளுக்கு நாள் கடன். அவர் ஒரு நாள் வந்தால் நாம் ஒரு நாள் அவருக்கு வேலை செய்து தீர்க்க வேண்டும். காசால் தீர்ப்பது வழக்கமில்லை. காசை நீட்டினால் மூஞ்சியில் எறிவார்கள்.

"நீங்க போய் அந்தப் பூட்டப் படிச்சிட்டு வாங்க. உங்கட இடத்தில நான் வெட்டுறன்" என்றாள் புஸ்பம்.

"உனக்கு வாவியில இறால் தடவுற வேலை இரிக்கே கா?"

"இறால் எங்க ஓடப்போகுது? ஏழு நாள்தானே. மறுகா என்ட வீட்டுக்குச் சுவர் வெக்க வந்து நில்லுங்க. பெயர் பூட்டுக்குள்ள போனா எனக்கு அது காணும்."

நிலையம் ஒரு மாடிவீடு. பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பெயர்ப்பலகையை வீட்டுக்குள்ளே தொங்கவிட்டிருந்தார்கள். 'தனியுரிமை மனிதரின் பிறப்புரிமை' என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே மேசை போட்டு ஆறு பக்கப் படிவம் ஒன்று தந்தார்கள். பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை தடவை இடம்பெயர்ந்தீர், எங்கெங்கே, வீட்டில் எத்தனை பேர், எவரும் வெளிநாட்டிலா, எவரும் தடுப்புக்காவலிலா. முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். கடைசிப் பக்கத்தில், எந்த இரகசியத்தைப் பாதுகாக்க விரும்புகிறீர் என்று விபரமாக எழுத வேண்டும். மூன்று பிரதி. ஒன்று நிலையத்துக்கு, ஒன்று நன்கொடையாளருக்கு, ஒன்று அனுமதி தந்த அலுவலகத்துக்கு.

நான் 'பாலர் பாடசாலைக் கூரைக் கணக்கு' என்று எழுதினேன்.

'பாதிப்பு' என்ற இடத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன: சுனாமி, யுத்தம். என் தங்கச்சி குடும்பம் சுனாமியில் போனது, வீடு யுத்தத்தில் போனது. இரண்டிலும் சரி போட்டேன். எழுதுவினைஞர் படிவத்தைத் திருப்பித் தந்தார்.

"ஒண்டுதான் போடலாம் ஐயா. சுனாமிக் காசு மார்கழியோட முடிஞ்சுது. யுத்தத்தப் போடுங்க, அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு."

தங்கச்சியை வெட்டினேன்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஓட்டமாவடி அரிசி வியாபாரிகள் சங்கத்தின் தலைவர் உசனார் இருந்தார். வெள்ளைச் சாரன், மடிப்புக் குலையாத சேட்டு. அவருடைய இடுப்பு நல்ல இடுப்பு. கதிரை அவரை ஒன்றும் செய்யவில்லை.

"நீங்க என்ன பூட்டப் போறீங்க காக்கா?" என்று கேட்டேன்.

"நான் பூட்டியாச்சு தம்பி. மருமகன் வந்தாறுமூலை கெம்பஸ்ல கணினிதான் படிப்பிக்கான். ஞாயித்துக்கிழம வந்து, தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள எல்லாம் போட்டுத் தந்திட்டான். படிச்சதெண்டு தாற பத்திரத்துக்குத்தான் நான் வாறன். பத்திரம் இரிந்தா அடுத்த திட்டத்துக்கும் கூப்பிடுவானுகள்."

"நாள் மினக்கேடு இல்லியா?"

"மில் ஓடுது தம்பி. நான் நிண்டாலும் ஓடும், நிக்காட்டியும் ஓடும்."

பத்து மணிக்குப் பணிப்பாளர் அருமைநாயகம் வந்தார். திருட்டு மென்பொருள் பாவிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். எல்லாரும் உயர்த்தினோம். கையை இறக்கச் சொல்லாமல் சிறிது நேரம் எங்களைத் துக்கத்தோடு பார்த்தார்.

"பெரிய கம்பெனிகள் உங்களை விற்கின்றன. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் ஏழைகளுக்கு எதிரானது. நமது மென்பொருள் ஏழைகளுக்காகவே செய்யப்பட்டது. ஒரு சதம் தேவையில்லை. தேவைப்படுவது நேரம் மட்டும். நேரத்தைக் கடவுள் பணக்காரனுக்கும் ஏழைக்கும் இருபத்துநான்கு மணித்தியாலம் என்று சமமாகப் பங்கிட்டிருக்கிறார்."

"என்ட பங்கில கொஞ்சம் கூட விழுந்திட்டுப் போல" என்று உசனார் என் காதுக்குள் சொன்னார்.

"என்னையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் பணிப்பாளர். "இதைக் கற்பதற்காக நான் வேலையை உதறினேன். ஒன்றரை வருடம். கனடாவில் அண்ணா வீட்டு நிலவறையில் இருந்து, இரவு பகலாக, எவருடைய உதவியும் இல்லாமல் படித்தேன். சாப்பாட்டை அண்ணி கீழே கொண்டுவந்து வைப்பா. மனமிருந்தால் எவரும் செய்யலாம்."

நான் எழும்பினேன். "ஐயா, கூலிக்காரருக்கு ஏழு நாளெண்டா... பஸ்ஸுக்காவது ஏதும்..."

"தம்பி, போக்குவரத்துக்குக் காசு கொடுத்தால் காசுக்காக வருவார்கள். பிறகு உங்கள் ஆர்வத்தை நாங்கள் எப்படி அளப்பது?"

அளந்து முடித்து, ஜீப்பில் ஏறி, அடுத்த கூட்டத்துக்குப் போனார்.

மூன்றாம் நாள் மண்முனைத்துறையில் பாதைப்படகின் எஞ்சின் நின்றுவிட்டது. வாவி நடுவில் சைக்கிள்களோடும் இரண்டு பசுமாட்டோடும் நாங்கள் முக்கால் மணித்தியாலம் நின்றோம். ஒன்பது மணிப் பாடத்துக்கு நான் போய்ச் சேர ஒன்பது இருபது. எழுதுவினைஞர் வரவு இடாப்பைக் காட்டினார். முழு வரவு இருந்தால்தான் மென்பொருள். ஒரு நாள் விட்டால் அடுத்த அணியோடு முதலாம் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

"பாதை உடைஞ்சிட்டு ஐயா."

"அதுக்கு எங்கட படிவத்தில இடம் இல்லை."

மூன்று நாள் வீண். மறுபடி ஏழு. ஊருக்கு வந்து புஸ்பத்திடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் வட்டையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். வெட்டித் தழும்பேறாத கை. தாக்கத்தி பிடித்த இடமெல்லாம் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

"பத்து நாள் பூட்டா?" என்று சிரித்தாள். "அப்ப நல்ல பலமான பூட்டாத்தான் இரிக்கும். போயிட்டு வாங்க."

போனேன். இரண்டாம் தடவை தனுஷாவின் பாடம் எனக்கு விளங்கத் தொடங்கியது. அவள் நல்ல பிள்ளை. சம்பளம் மூன்று மாதமாக வரவில்லை என்று உசனாருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். நாலாம் நாள் முழுவதும் அழிப்பதைப் பற்றியே படிப்பித்தாள்.

"கணினில அழிச்சா அழியாது அங்கிள். கொப்பி அட்டையில இருக்கிற பெயரக் கிழிக்கிற மாதிரித்தான் அது. உள்ளுக்கு எழுதினது அப்படியே கிடக்கும். ஆரும் தோண்டி எடுக்கலாம். பிறத்தியாற்ற கணினில எதையும் அடிக்காதீங்க. என்ன அவசரம் எண்டாலும் அடிக்காதீங்க."

இதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். அந்தக் கோடுகள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன.

ஏழாம் நாள் பத்திரம் தந்தார்கள். மென்பொருளை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் ஊருக்கு மின்சாரமே போன வருடம்தான் திரும்பி வந்தது. ஒரு சீடியில் பதிந்து தர முடியுமா என்று பணிப்பாளரிடம் கேட்டேன்.

"தரலாம். இருபது ரூபாதான். ஆனால் இன்று சீடி கேட்பீர்கள், நாளை கணினி கேட்பீர்கள். தங்கியிருக்கும் மனப்பான்மையை வளர்க்கக் கூடாது என்பது நன்கொடையாளர் கொள்கை. ஒரு முன்மொழிவு எழுதிக் கொடுங்கள், ஆனி மாதக் கூட்டத்தில் பார்ப்போம்."

வெளியே வந்தபோது தனுஷா தன் கைப்பையிலிருந்து ஒரு சீடியை எடுத்து, எவரும் பார்க்காமல் என் சேட்டுப் பையில் செருகினாள்.

சங்கத்தில் கூட்டம் போட்டோம். நான் படித்ததைச் சொன்னேன். இருபது எழுத்துக்குக் குறையாத ஒரு சங்கேதச் சொல். எங்கும் எழுதி வைக்கக் கூடாது. ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

தலைவர் வினாயகமூர்த்தி எழும்பினார். அவர் கோயில் நிருவாகம் பார்க்கும் வண்ணக்கரும்கூட.

"ஒராளுக்கிட்ட முழுத் திறப்பையும் குடுத்த சங்கம் எங்க இரிக்கு? உண்டியலுக்கே மூண்டு பூட்டு, மூண்டு ஆள். இது உண்டியலவிடப் பெரிய சாமான். நான் சீனித்தம்பிய நம்பல்ல எண்டில்ல. ஆனா நம்பல்ல."

சபை கைதட்டியது. சொல்லை மூன்றாகப் பிரித்தோம். முதலில் தலைவர் போய்த் தன் பங்கை அடித்தார். நானும் பொருளாளர் நல்லரத்தினம் அண்ணனும் சுவரைப் பார்த்து நின்றோம். பிறகு நான். பிறகு அவர். உறுதிப்படுத்த இன்னொரு தடவை அடிக்கக் கேட்டது. இன்னொரு தடவை சுவரைப் பார்த்தோம். பூட்டு விழுந்தது. ஒருவர் சாம்பிராணி காட்டினார்.

நிலையத்தின் விதிப்படி காகிதப் பிரதியை எரிக்க வேண்டும். எரித்ததற்கு இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்ட படிவமும் அனுப்ப வேண்டும். கொப்பியை எரித்தேன். புஸ்பம் வந்து கடைசிப் பக்கம் கருகும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று இரவு இரண்டு பேரும் நித்திரை கொண்டிருப்போம் என்று நினைக்கிறேன்.

வைகாசியில் நல்லரத்தினம் அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் வைத்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார். செத்த வீட்டில், எட்டாம் நாள் செலவில், எவருக்கும் பூட்டு ஞாபகம் வரவில்லை. ஆவணியில் கடிதம் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு விசாரணைக் குழு வருகிறது. காணாமற்போனோர் விபரம் தட்டச்சில், மூன்று பிரதி, ஐந்து நாளுக்குள். தலைவர் தன் பங்கை அடித்தார். நான் என் பங்கை அடித்தேன். பிறகு இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றோம், வழக்கத்தில். சிறிது நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தோம்.

"உண்டியலெண்டா கொல்லனக் கூப்பிட்டு உடைக்கலாம்" என்றார் தலைவர். "இதுக்குக் கொல்லன் ஆரு?"

கொல்லனைத் தேடி நாவற்குடாவுக்குப் போனேன். பணிப்பாளர் நான் சொன்னதைக் கேட்டுக் கதிரையிலிருந்து எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்களாலேயே திறக்க முடியவில்லை! விளங்குகிறதா சீனித்தம்பி? உலகத்தில் எவனாலும் முடியாது. இதைத்தான் நாங்கள் இரண்டு வருடமாக நன்கொடையாளருக்கு நிரூபிக்கப் பார்த்தோம்."

"ஐயா, உள்ளுக்கு முப்பத்தெட்டு..." என்று வாய்விட்டேன்; விழுங்கினேன். "உள்ளுக்கு எங்கட கணக்கு இரிக்கு."

"பத்திரமாக இருக்கும். நூறு வருடத்துக்கும் இருக்கும்."

படமெடுத்தார்கள். ஆண்டறிக்கையின் பதினான்காம் பக்கத்தில், என் முழுப் பெயரோடும் ஊர்ப் பெயரோடும், வெற்றிக் கதை என்று அது வந்தது. குனிந்துதான் நிற்கிறேன்.

நாலு நாள் இருந்தது. வீடு வீடாகப் போய் முப்பத்தெட்டு வீட்டாரையும் மறுபடி சொல்ல வைத்தேன். முதல் தடவை அழாதவர்கள் இந்தத் தடவை அழுதார்கள். புஸ்பம் அழவில்லை.

"அண்டைக்கே சொன்னனே அண்ணன்?"

"பூட்டுக்குள்ள மாட்டிட்டு கா."

"திரும்பவும் அந்தப் பெயரச் சொல்லணுமா?"

"அந்தப் பெயர் இல்லாட்டி உன்ட விண்ணப்பத்தில ஒண்டும் இல்ல, புள்ள."

சொன்னாள். எழுதினேன். மீதி இரண்டு நாள். அதில் ஒரு நாள் எனக்கு மண் ஏற்றும் வேலை. விட்டால் அந்த வேலை போய்விடும். சங்கக் கணினியில் ஒரு விரலால் அடித்தால் பத்து நாள் செல்லும். மண் ஏற்றிய உடம்போடு அந்தக் கையெழுத்துப் பக்கங்களை எடுத்துக்கொண்டு சந்திக் கொம்யூனிகேசன் கடைக்குப் போனேன். கடைக்காரன் விஜிதரன் நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் அடித்து முடித்தான். வெறும் பக்கமாக இருக்கிறதே என்று, கலியாணக் காட்களுக்குப் போடும் ரோசாப்பூக் கரையைச் சுற்றிவரப் போட்டு, மூன்று பிரதி எடுத்துத் தந்தான். கரைக்குக் காசு எடுக்கவில்லை.

"அழிச்சிடு தம்பி" என்றேன்.

"இந்தா, அழிச்சிட்டன் அண்ணன்." திரையிலிருந்த குப்பைக் கூடைக்குள் இழுத்துப் போட்டான்.

எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊரில் அதைத் தெரிந்த ஒரே ஆள் நான்; தெரிய வைப்பதற்கு ஒருத்தி பத்து நாள் வெயிலில் குனிந்து நின்றிருக்கிறாள். முழுதாக அழிப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று தனுஷா சொன்னதும் ஞாபகம் இருந்தது. அரை மணித்தியால வேலை. ஆனால் இடுப்பு விட்டுப்போயிருந்தது, கடைசி பஸ் சந்தியில் ஹோன் அடித்தது. பெரிதாக என்ன நடந்துவிடப் போகிறது என்று எழும்பி வந்தேன்.

குழு வந்து, கேட்டு, எழுதி, போனது. இரண்டு கிழமை கழித்து ஒரு மத்தியானம் புஸ்பத்தின் வீட்டுக்குச் சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். சத்தம் போடவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். இந்தப் பெயர் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். உன் மகள் எந்தப் பள்ளிக்கூடம் என்றும் கேட்டார்கள்.

அடுத்த நாள் காலையிலேயே என்னிடம் வந்துவிட்டாள்.

"அவனுகள்ற கையில ஒரு பேப்பர் இரிந்திச்சு அண்ணன். சுத்திவர ரோசாப்பூ. கலியாணக் காட் மாதிரி. குழுவில இருந்து போயிரிக்குமா?"

குழுவுக்கு நாங்கள் கொடுத்த மூன்று பிரதியிலும் தலைவரின் கையெழுத்தும் சங்க முத்திரையும் இருந்தன. "முத்திரை குத்தியிரிந்திச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. வெறும் பூத்தான்."

"எப்பிடிப் போச்செண்டு தெரியல்ல கா" என்றேன்.

"நீங்க என்ன செய்வீங்க. பத்து நாள் படிச்சீங்கதானே." என்னைத் தேற்றினாள். பிறகு, "என்ட பக்கத்த எடுத்திருங்க அண்ணன். அவர் வெளிநாட்டுக்குப் போனவரெண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்க, கையெழுத்து வெக்கிறன்" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து வடிவாகத்தான் வந்தது.

நிலையத்துக்கும் போய்ச் சொன்னேன், ஏன் என்று தெரியவில்லை. எவராவது என்னை ஏசினால் நல்லது போலிருந்தது. பணிப்பாளர் ஏசவில்லை. "மென்பொருளில் குறையில்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். பெரிதாக மூச்சு விட்டார். "இதற்குத்தான் மீள்பயிற்சி வைத்திருக்கிறோம். ஐப்பசியில் மூன்று நாள். அதுவும் இலவசம்."

புரட்டாதியில் புஸ்பம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மகளை அக்கா வீட்டில் விட்டாள். அரைச் சுவரோடு நின்ற வீட்டை ஓலையால் மறைத்துக் கட்டினாள். பஸ்ஸுக்கு நின்றபோது நான் போனேன். கொம்யூனிகேசனைப் பற்றிச் சொல்லத்தான் போனேன்.

"பத்து நாள் இரிக்கு கா" என்றுதான் வாயில் வந்தது.

"வந்து வாங்கிறன் அண்ணன்."

ஒப்பந்தம் இரண்டு வருடம். அது முடிந்ததும் வேறு வீட்டுக்கு மாறி அங்கேயே நின்றுவிட்டாள். நான் அவள் அக்காவிடம் போய், சுவரை நானே வைத்து விடுகிறேன் என்றேன். ஆள் இல்லாத வளவில் எவருக்குச் சுவர் என்று கேட்டாள். காசாகத் தரவா என்று ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பதில்லை. புஸ்பம் வெட்டிய அந்தப் போகத்தில் என் இடத்துக்குப் பிரித்த நெல்லை மார்கழி வரை என் வீட்டில் சோறாக்கித் தின்றோம்.

புஸ்பத்துக்கு நான் பத்து நாள் வேலை கடன்.